கட்டைப் பிரிக்கும் நாள்



பிள்ளைக்குக் கையோ காலோ முறிந்துவிட்டால் வீடு முழுவதும் பதறிப் போகிறது. மாவுக்கட்டுப் போட்டு முடிக்கும் வரையில் பெற்றவர்கள் ஒரு வாய்த் தண்ணீர் கூட அருந்துவதில்லை. வீடு திரும்பியதும் உற்றார் உறவினர் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வருகிறார்கள். ஆனால், அந்தக் கட்டைப் பிரிக்கும் நாளைப் பற்றி எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. "பிரிப்பதுதானே, அதில் என்ன இருக்கிறது?" என்று வீட்டில் யாராவது ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துக்கொண்டு புறப்பட்டு விடுகிறார். அப்படி அலட்சியமாகப் புறப்பட்டவர்களுள் நானும் ஒருவன்.

2016-ஆம் ஆண்டு. என் மகளுக்கு அப்போது 4 வயது. வீட்டுத் திண்ணையிலிருந்து விழுந்ததில் வலது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. தோளுக்குக் கீழிருந்து உள்ளங்கை வரையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். நான்கு வாரங்கள் அந்தக் கட்டோடு அவள் நன்றாகவே பழகிவிட்டாள். அதன்மேல் பூவும் நிலாவும் வரைந்துகொண்டாள்.

பிரிக்கும் நாளன்று, "எங்கே போகிறோம் அத்தா?" என்று கேட்டாள். "சும்மா டாக்டர் உன் கையைப் பார்ப்பார். வரும்போது ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன்" என்றேன். மதரஸாவில் அன்றாடம் பிள்ளைகளுக்கு வாய்மையைப் பற்றிப் பாடம் நடத்துகிற நான், பெற்ற மகளிடம் இப்படிக் கூறினேன். அதை ஒரு பொய் என்று கூட அன்று நான் கருதவில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நல்ல கூட்டம். கட்டு அறையின் கதவுக்கு வெளியே அரை மணி நேரம் அமர்ந்திருந்தோம். உள்ளே கட்டறுக்கும் ரம்பத்தின் இரைச்சல். அதற்கும் மேலாக ஒரு சிறுவனின் அலறல். என் மகள் ஒன்றும் பேசவில்லை. என் சட்டையைப் பற்றியிருந்த விரல்கள் மட்டும் இறுகிக்கொண்டே வந்தன.

எங்கள் முறை வந்தது. ஊழியர் ரம்பத்தைக் கையில் எடுத்ததுமே அவள் துள்ளி எழுந்தாள். "நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள் பாய்" என்றார் அவர். நான் அவளது தோள்களை மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். "அத்தா, என் கையை அறுக்கிறாங்க! அத்தா, சொல்லுங்க!" என்று அவள் கதறியது இன்னும் என் செவியில் ஒலிக்கிறது. மூன்று நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. கையில் ஒரு கீறல் கூட இல்லை. "பார்த்தீர்களா, ஒன்றுமே ஆகவில்லை" என்றார் ஊழியர். அவர் சொன்னது உண்மைதான். வெளியே இன்னும் பலர் காத்திருந்தனர். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை.

ஆயினும், ஒன்றுமே ஆகவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதன்பின் பல மாதங்கள், அடுப்படியில் மிக்ஸி ஓடினால் அவள் தெருவுக்கு ஓடினாள். எங்கேனும் அழைத்துச் செல்லப் புறப்பட்டால் வாசலில் நின்று, "நிஜமாக எங்கே போகிறோம்?" என்று கேட்டாள். அந்த 'நிஜமாக' என்ற ஒரு சொல் என்னைச் சுட்டது. எலும்பு நான்கு வாரத்தில் கூடிவிட்டது. என்மேல் அவள் வைத்திருந்த நம்பிக்கை அவ்வளவு விரைவில் கூடவில்லை.

போடத் தெரிந்தோம்; பிரிக்க?

கல்லூரியில் நான் பயின்றது வரலாறு. எதையும் அதன் பழங்கதையிலிருந்து தேடுவது என் வழக்கம். எலும்பு முறிவுக்கு ஜிப்சத்தைக் குழைத்துப் பூசும் முறையை, ஹிராத் நகரைச் சேர்ந்த அபூ மன்சூர் முவஃபக் என்ற அறிஞர் 10-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஜிப்சத்தைச் சூடாக்கி அதிலுள்ள நீரின் பெரும்பகுதியைப் போக்கினால் கிடைக்கும் மாவே, பாரிஸ் சாந்து எனப்படும் 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்'. அதில் மீண்டும் நீர் சேர்ந்ததும் இறுகிக் கல்லாகிறது. இந்த மாவைத் துணிச்சுருளில் தேய்த்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது நனைத்துச் சுற்றும் எளிய வழியை, நெதர்லாந்து நாட்டு இராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மத்தைசன் 1852-இல் வெளியிட்டார். இன்று நம் ஊரில் போடப்படும் மாவுக்கட்டு அதன் வழிவந்ததே.

போடுவதற்கு இத்தனை நூற்றாண்டுகள் சிந்தித்த மனிதன், பிரிப்பதைப் பற்றிப் பிற்காலத்தில்தான் சிந்தித்தான் போலும். நெடுங்காலம் கத்தியும் பெரிய கத்தரிக்கோலுமே கருவிகளாக இருந்தன. 1940-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர், அதிர்ந்து அறுக்கும் ரம்பத்தை உருவாக்கினார். அதன் தகடு மரமறுக்கும் ரம்பத்தைப் போலச் சுழல்வதில்லை. மிகச் சிறிய தூரம் இப்படியும் அப்படியுமாக அதிவேகத்தில் அதிர்கிறது. கடினமான கட்டு அந்த அதிர்வில் அறுபடும். மென்மையான தோலோ தகட்டோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும். ஊழியர்கள் தம் உள்ளங்கையில் தகட்டை வைத்துக் காட்டுவது இதனால்தான்.

நல்ல கருவியே. எனினும் குறையற்றதன்று. அறுக்க அறுக்கத் தகடு சூடேறுகிறது. சூடேறிய தகடு தோலில் பட்டால் தீப்புண் உண்டாகும். அழுத்தி இழுத்துச் சென்றால் தோல் கிழியவும் கூடும். பக்குவமறிந்தவர்கள் தகட்டை இழுக்காமல், அழுத்தி எடுத்து, மீண்டும் அடுத்த இடத்தில் அழுத்தி எடுத்து, இடையிடையே ஆறவிட்டு அறுப்பார்கள். ஆகவே, "சுடுகிறது" என்று பிள்ளை சொன்னால் அதை வெறும் பயம் என்று நாம் தள்ளிவிடக் கூடாது. அன்று என் மகள் எதைச் சொல்லியிருந்தாலும் நான் செவிமடுத்திருக்க மாட்டேன். அதை எண்ணும்போதுதான் எனக்கு அச்சம் மேலிடுகிறது.

தங்கையின் கண்ணீர்

2023-ஆம் ஆண்டில் என் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையின் இரண்டு பாதங்களும் உட்புறமாக வளைந்து, கீழ்நோக்கித் திரும்பியிருந்தன. வளைபாதம் என்று மருத்துவர் கூறினார். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இவ்வாறு அமைகிறதாம். கிரகணத்தன்று வெளியே வந்தாயா என்று கேட்டவர்களும் உண்டு. நல்ல வேளையாக, மைத்துனர் அந்தப் பேச்சுக்களைக் காதில் வாங்காமல் மூன்றாவது வாரமே குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்.

இதற்கு உலகெங்கும் கையாளப்படும் சிகிச்சை, ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த இக்னாசியோ பொன்செட்டி வகுத்ததாகும். 2009-இல் மறைந்த அந்த மருத்துவர், பெரிய அறுவை இன்றியே பாதத்தை நேராக்கலாம் என்று காட்டினார். பிஞ்சுப் பாதத்தைக் கையால் மெல்ல நீவிச் சிறிது திருப்பி, தொடை வரையில் மாவுக்கட்டுப் போடுவார்கள். ஒரு வாரம் கழித்துப் பிரித்து, இன்னும் சிறிது திருப்பி, மறுகட்டுப் போடுவார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இப்படி ஐந்தாறு கட்டுகள் தேவைப்படும். அதாவது, ஐந்தாறு முறை பிரிக்கவும் வேண்டும்.

முதலில் சென்ற இடத்தில் இரண்டு முறையும் ரம்பத்தால்தான் பிரித்தார்கள். இரண்டாம் முறை குழந்தை அழுது அழுது மூச்சடைத்து நீலம் பாரித்துவிட்டதாம். வீட்டுக்கு வந்த தங்கை என்னிடம், "இனிமேல் நான் போக மாட்டேன் அண்ணே. பிள்ளையின் கால் எப்படி இருக்கிறதோ அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்லி அழுதாள்.

நான் திடுக்கிட்டேன். கட்டைப் போடுவதால் அவள் மனம் உடையவில்லை, பிரிப்பதால் உடைந்திருந்தாள். வளைபாதத்தைப் பாதியில் விட்டுவிட்டால் அந்தப் பிள்ளை வளர்ந்து, பாதத்தின் வெளிவிளிம்பில் ஊன்றி நடக்க வேண்டியிருக்கும். பள்ளிக்கூடம், தொழில், திருமணம் என்று வாழ்நாள் முழுதும் அது தொடரும். அவ்வளவு பெரிய விலையை, ஒரு ரம்பத்தின் இரைச்சலுக்காக அந்தக் குழந்தை கொடுக்க நேர்ந்துவிடுமோ என்று நான் அன்றிரவு உறங்கவில்லை.

தண்ணீர் செய்த வேலை

தெரிந்த மருத்துவர் ஒருவர், வளைபாதக் குழந்தைகளுக்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கும் மதுரை மருத்துவமனை ஒன்றுக்கு எங்களை அனுப்பினார். தங்கையை வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். அங்கே பச்சிளங் குழந்தைகளுக்கு ரம்பத்தைத் தொடுவதே இல்லை என்றார் செவிலியர். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தார்கள். குழந்தையைத் தங்கை மடியில் வைத்துக்கொண்டு, கட்டுகள் நனையும்படி கால்களைத் தண்ணீரில் இறக்கினாள். ஏறத்தாழ இருபது நிமிடங்கள். பின்னர் ஈரத்துணியை அதன்மேல் சுற்றி வைத்தார்கள். குழந்தை அதற்குள் பால் குடித்துவிட்டு அரைத்தூக்கத்தில் இருந்தது.

இறுகிய மாவு தண்ணீரில் ஊறினால் வலுவிழந்து தளர்ந்துவிடுகிறது. கட்டுப் போடும்போதே துணிச்சுருளின் கடைசி முனையைக் கண்டுபிடிக்கும்படி விட்டிருந்தால், அந்த முனையிலிருந்து சுற்றுச் சுற்றாக அவிழ்த்துவிடலாம். கெட்டியாக இருந்த இடங்களில் மட்டும் கட்டறுக்கும் சிறு கத்தியைச் சாய்த்துப் பிடித்து அறுத்தார் செவிலியர். முதலில் தொடைப் பகுதி, பிறகு முழங்காலுக்குக் கீழே. இரண்டு கால்களும் விடுபட்டபோது குழந்தை ஒரு முறை சிணுங்கியது; அவ்வளவுதான். தங்கை என்னைப் பார்த்தாள். அவள் கண்களில் நீர் நிறைந்திருந்தது. ஆனால் இம்முறை அது வேறு கண்ணீர்.

"அடுத்த வாரம் வீட்டிலேயே பிரித்துக்கொண்டு வரட்டுமா?" என்று அவள் ஆவலோடு கேட்டாள். செவிலியர் உடனே மறுத்தார். கட்டில்லாமல் சில மணி நேரம் இருந்தாலும், திருப்பிய பாதம் பழைய வளைவுக்குத் திரும்பத் தொடங்கிவிடுமாம். அருகில் குடியிருப்பவர்கள் புறப்படுவதற்கு முன்பு கட்டை நனைத்து, ஈரத்துணி சுற்றிக்கொண்டு வரலாம். ஆனால் அவிழ்ப்பது மருத்துவமனையில், மறுகட்டுப் போடுவதற்குச் சற்று முன்னர்தான். உத்தமபாளையத்திலிருந்து பேருந்தில் வரும் எங்களுக்கு அங்கேயே நனைத்துக்கொள்வதுதான் தோது என்றார்.

மகள் கேட்ட கேள்வி

நான்காம் கட்டு மாற்றும் நாள் பள்ளி விடுமுறையாக இருந்ததால் என் மகளும் உடன் வந்தாள். அப்போது அவளுக்கு 11 வயது. கட்டு அறையின் வாசலில் அவள் நின்றுவிட்டாள். "அத்தா, உள்ளே அந்த மிஷின் இருக்கிறதா?" என்றாள். பழைய நானாக இருந்தால், "அதெல்லாம் இல்லை, வா" என்றிருப்பேன். உள்ளே சென்று கேட்டு வந்து, "இருக்கிறது. ஆனால் தம்பிக்கு அதைப் பயன்படுத்த மாட்டார்கள்" என்று சொன்னேன். சற்று யோசித்துவிட்டு உள்ளே வந்தாள். மாமியின் அருகில் அமர்ந்து, தண்ணீரில் மிதந்த வெள்ளைத் துணியையும் உறங்கும் தம்பியையும் இமைக்காமல் பார்த்தாள்.

திரும்பும்போது பேருந்தில் கேட்டாள்: "எனக்கும் அன்றைக்கு இப்படிச் செய்திருக்கலாமே, அத்தா?"

என்னிடம் பதிலில்லை. அடுத்த வாரம் மருத்துவரிடமே அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். மாவுக்கட்டு எவருக்கும் நனையத்தான் செய்யும். ஆனால் வளர்ந்த பிள்ளையின் கனத்த கட்டு ஊறித் தளர நெடுநேரம் பிடிக்கும். ஃபைபர் கட்டாக இருந்தால் தண்ணீரில் அது இளகவே இளகாது. ஆகவே பல பிள்ளைகளுக்கு ரம்பம் தவிர்க்க முடியாதது. "ரம்பம் குற்றமில்லை; பிள்ளையைத் தயார் செய்யாமல் கொண்டுவருவதுதான் குற்றம்" என்றார்.

அவரிடமும் செவிலியரிடமும் நான் கேட்டறிந்தவற்றை, பிள்ளை பெற்ற வாசக சகோதர சகோதரியருக்காக இங்கே தருகிறேன்.

கட்டுப் போடும் அன்றே, "இது மாவுக்கட்டா, ஃபைபரா? எப்படிப் பிரிப்பீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். ரம்பமின்றி அவிழ்த்துவிடக்கூடிய மென்மையான ஃபைபர் கட்டுகளும் உள்ளன. எல்லா முறிவுக்கும் அவை ஏற்றவை அல்ல; உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று மருத்துவரே சொல்ல முடியும். மணிக்கட்டருகே எலும்பு முற்றிலும் முறியாமல் சற்றே மடங்கிப் புடைத்திருக்கும் சிறு காயங்களுக்குக் கடினமான கட்டே தேவையில்லை என்றும் தெரிய வந்துள்ளது. பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 4 முதல் 15 வயது வரையுள்ள 965 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், மென்மையான துணிக்கட்டு மட்டும் போட்டவர்களும் கடினக் கட்டுப் போட்டவர்களும் ஒரே விதமாகவே குணமடைந்தனர்.

ரம்பம்தான் என்றால், முதல் நாளே பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். "பெரிய சத்தம் வரும். கை அதிரும், கூசும். கட்டைத்தான் அறுப்பார்கள், கையை அல்ல" என்று அதன் வயதுக்கேற்ற மொழியில் சொல்லுங்கள். ஊழியரிடம், ரம்பத்தை முதலில் தள்ளி வைத்து ஓட்டிக் காட்டும்படியும், கட்டுக்கும் தோலுக்கும் இடையே காப்புப் பட்டை செருக இயலுமா என்றும் பணிவோடு கேளுங்கள். பிள்ளை "சுடுகிறது" என்றால் நிறுத்தும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

காதை மூடுவது எளிய உதவி. கட்டு அறுக்கும்போது குழந்தைகளின் இதயத்துடிப்பு உயர்வதையும், ஒலியைத் தடுக்கும் காதுமூடி அணிவித்தால் அந்த உயர்வு குறைவதையும் 2001-லும் 2005-லும் வெளியான ஆய்வுகள் காட்டின. வெளியே காத்திருக்கும்போதும் அறையின் ஓசை கேட்காத இடத்தில் அமருங்கள். சிறு பிள்ளையை மேசையில் கிடத்தி அழுத்துவதைவிட, தாயின் மடியில் அணைத்து வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் கத்தியோ கத்தரிக்கோலோ கொண்டு நீங்களே பிரிக்க முற்படாதீர்கள். பிரித்தபின் தோல் வறண்டு செதில் செதிலாக உரியும். கை மெலிந்து, விறைத்துத் தோன்றும். பிள்ளை அதைக் கண்டும் அஞ்சக்கூடும் என்பதால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். செதிலைத் தேய்த்து எடுக்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெல்லத் துடைத்தால் போதும்.

இன்னொன்று. "சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று பிள்ளைகளை மிரட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அதைக் கேட்டு வளரும் பிள்ளை, கட்டு அறைக்குள் நுழையும்போது நடுங்குவதில் என்ன வியப்பு?

தங்கை மகனுக்கு ஆறு கட்டுகள் ஆயின. அதன்பின் குதிகாலுக்கு மேலுள்ள இறுகிய நாணை மரக்கச் செய்து சிறிதாக வெட்டிவிட்டு, மூன்று வாரத்துக்குக் கடைசிக் கட்டுப் போட்டார்கள். அதையும் தண்ணீரே பிரித்தது. பிறகு, தடியால் இணைத்த சிறு காலணிகள்: முதல் மூன்று மாதம் நாள் முழுதும், அதன்பின் உறங்கும்போது மட்டும். நான்கைந்து வயது வரையில் இது தொடர வேண்டும். தங்கை ஒரு முறை கூடத் தவறவிடவில்லை. பாதம் முழுவதும் தரையில் பதிய, அவன் இன்று எங்கள் முற்றத்தில் ஓடி விளையாடுகிறான்.

அந்தப் பேருந்துக் கேள்விக்கு என் மகளிடம் நான் பதில் சொன்னேன். "ரம்பத்தைத் தவிர்த்திருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்க முடியும். சொல்லாதது என் தவறு; என்னை மன்னித்துவிடு அம்மா" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "அந்த ஐஸ்கிரீமும் நீங்கள் வாங்கித் தரவில்லை" என்றாள். மறந்தே போயிருந்தேன்! அன்று மாலையே அந்தக் கடனை அடைத்தேன்.

2024-இல் என் மதரஸாவில் ஓதும் 7 வயதுச் சிறுவன் ஒருவன் கையில் கட்டோடு வந்தான். பிரிப்பதற்கு இரண்டு நாள் முன்பு மெல்ல என்னருகே வந்து, "ஹஜ்ரத், பிரிக்கும்போது வலிக்குமா?" என்று கேட்டான். அவனை அருகில் அமர்த்தி, சத்தத்தைப் பற்றியும் அதிர்வைப் பற்றியும் சொன்னேன். சுட்டால் உடனே சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன்.

"சொன்னால் நிறுத்துவார்களா?" என்றான்.

"நிறுத்தச் சொல்ல நான் உன் பக்கத்திலேயே இருப்பேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை, மதரஸா விடுமுறை. அவனோடும் அவன் அத்தாவோடும் நானும் புறப்பட்டேன்.